வாளிக்காரிக்கு இரண்டு பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றரைக்கே வீடு. துணி மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. எடுத்தேன், மடிக்கவில்லை.

சரசு மறுபடியும் போன். மம்பாவிலிருந்து அவள் போடும் போன் எல்லாம் இப்போது ஒரே விஷயம்தான். நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம் விற்றாச்சு, தொழிலாளர் லயத்து வீடெல்லாம் இடிச்சாச்சு, பள்ளிக்கூடத்தையும் மாற்றியாச்சு. அதனால் பழைய தோட்டத்து ஆட்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரவேண்டும், புத்தகமாகப் போடப் போகிறாள். நிறையப் பேர் கொடுத்துவிட்டார்களாம். ஆறாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள், உன்னை விட்டுவிட்டு எப்படிப் போடுவது என்கிறாள். 20-ஆம் தேதி ஞாயிறு கடைசி.

என்னத்தை எழுத. கணவர் போய் நாலு வருஷம். மகன் சிங்கப்பூரில். நான் பதினெட்டு வயதிலிருந்து செனாவாங்கில் ஒரே தொழிற்சாலை, பூதக்கண்ணாடி வைத்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. குறை சொல்வதில் எனக்கு முப்பத்தொன்பது வருஷ சர்வீஸ். அதை எழுதினால் போதுமா என்று கேட்டேன். தோட்டத்தைப் பற்றி எழுதுடி என்றாள்.

வாங்க: சாம்பிராணி, முட்டை, முட்டிவலித் தைலம், கோடு போட்ட நோட்டு.

ஜூலை 9, புதன்

நோட்டு வாங்கியாச்சு. கடைக்காரப் பெண் சீனத்தில் என்னவோ கேட்டாள். சீனம் தெரியாது என்று மலாயில் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்பது போல் பார்த்தாள். பக்கத்துப் பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை கேட்டேன், தமிழில். அந்தப் பெண் கையில் இருந்த சரத்தை அப்படியே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க லா இவ்ளோ நல்லா தமிழ் படிச்சீங்க?" என்றாள். எங்கள் அம்மாவிடம் என்றேன். பத்து நிமிஷத்தில் இரண்டு கடை. இரண்டிலும் நான் வெளியாள்.

சமைக்கவில்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

"என் பெயர் முத்துலெட்சுமி. நான் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன்."

இரண்டாவது வரியை அடித்தேன். நான் தோட்டத்தில் பிறக்கவில்லை. தோட்டத்தை ஒட்டிய சீனக் கம்பத்தில், அதாவது சீனர் கிராமத்தில், பன்றி வளர்த்த ஒரு வீட்டில் பிறந்தேன். சில நாள் குழந்தையாக என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் வாங்கிக்கொண்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார், அப்பா அம்மா பெயரைப் போட்டே பிறப்புப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் ஊர் சொல்லித் தெரியும், கண்ணாடி சொல்லித் தெரியும். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

ஒரு வரி எழுதி ஒரு வரி அடித்தால் கணக்குக்குப் பூஜ்யம். மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

சாயந்திரம் தூறல். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுத ஒரு புது ஆள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் பெயர் கேட்டார். நான் குனிந்து கண்ணாடித் துவாரத்துக்குள் சொன்னேன்: முத்துலெட்சுமி, உத்திரம். மனிதர் பேனாவைத் தேடினார், பேனா கையிலேயே இருந்தது.

உத்திரம் நான் பிறந்த நட்சத்திரம் இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வந்த நாளின் நட்சத்திரம். அம்மா பூசாரியிடம் கேட்டுக் குறித்துவைத்தது. சாமிக்கு இத்தனை வருஷமாகத் தப்பு விலாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நிஜமான நாள் ஒரு பொம்பளைக்குத் தெரியும். உயிரோடு இருந்தால் எண்பது தாண்டியிருப்பாள். அந்த நாள் வரும்போது என்னை நினைப்பாளா. ஐம்பத்தேழு வயதில் இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. சின்ன வயதிலிருந்து ஆசை. இதை எங்கும் எழுதினதில்லை, இன்றைக்கு எழுதிவிட்டேன்.

வந்து உட்கார்ந்ததும் ஒரு பக்கம் கடகடவென்று வந்தது. விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மா, நெற்றியில் கட்டிய விளக்கு, ரப்பர் பால் வாடை பிடித்த சட்டை, என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவது. நன்றாகத்தான் எழுதுகிறேன் போல.

ஜூலை 13, ஞாயிறு

காலை: துரியான் ஆறு பழம் கொண்டுவந்தார் எதிர்வீட்டுப் பெரியவர். மூன்று சொத்தை.

மத்தியானம்: கணேசன் அண்ணன் போன். அம்மா அப்பா பெற்ற ஒரே பிள்ளை, என்னைவிட ஆறு வயது மூத்தவர், இன்னும் புக்கிட் பெலண்டோக்கில்தான் இருக்கிறார். சரசு வாய் சும்மா இருக்காதே, சொல்லிவிட்டாள். என்ன எழுதுகிறாய் என்று நாலு தடவை சுற்றி வளைத்துக் கேட்டார். பிறகு சொன்னார், "எது வேணும்னாலும் எழுது முத்து. எடுத்து வளத்தத மட்டும் எழுதாத. செத்துப்போன அம்மாவ வேத்தாளா ஆக்காத."

என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது லா அண்ணே, புத்தகத்தில் போட்டோ வேறு போடுகிறார்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. கோபத்தில்தான் வாளி விஷயத்தை எழுதினேன். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு வாளி இருக்கும். கழனித் தண்ணீர், மிச்சச் சோறு, காய்கறித் தோல். சாயந்திரம் சீனக் கம்பத்திலிருந்து ஒருத்தி சைக்கிளில் வருவாள், பின்னால் இரண்டு பக்கமும் தகர டின். பன்றிகளுக்குத் தீனி. வாளிக்காரி என்போம். மற்ற வீட்டு வாளிகளை அவளே எடுத்து ஊற்றிக்கொள்வாள். எங்கள் வீட்டு வாளியை மட்டும் அம்மா அடுப்படியில் வைத்திருப்பாள். சைக்கிள் மணி கேட்டதும் கூப்பிடுவது என்னைத்தான். அண்ணன் சும்மா படுத்துக் கிடந்தாலும் நான்தான். ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரை. அதிலும் முகம் கழுவி, பவுடர் போட்டு, சடை பின்னிய பிறகுதான் போகவேண்டும். கழனி வாளிக்கு எதுக்குடி பவுடர் என்று லயமே சிரிக்கும். பிள்ளைகள், உன் சொந்தக்காரி வந்துட்டா, போ என்பார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு போய், வாளியை நீட்டி, வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். பதின்மூன்று வயதில் ஒரு நாள் வேண்டுமென்றே அவள் காலில் ஊற்றினேன். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு போனாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள்.

அப்புறம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தேன். எதற்கும் கெஞ்சாத அம்மா, எனக்காகப் போ என்று கெஞ்சினாள். பதினெட்டு முடிந்ததும் செனாவாங் ஹாஸ்டலுக்கு ஓடி வந்ததே அந்த வாளிக்குப் பயந்துதான்.

கடைசி வரி இப்படி எழுதியிருக்கிறேன்: "பெற்ற பிள்ளையாக இருந்தால் என்னை அந்த வாளியைத் தூக்க விட்டிருப்பாளா?"

எழுதி முடித்ததும் அம்மா படத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

லைனில் இரண்டு மிஷின் ரிப்பேர், பாதி நாள் உட்கார்ந்தே போனது. சும்மா இருக்கும் கை சும்மா இருக்குமா. வாளி எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். வீம்புக்குத்தான். படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. ராத்திரி வரை இல்லை.

ஜூலை 16, புதன்

நல்ல மழை. வேலை விட்டு வந்தால் கேட் முன்னால் அண்ணன், மோட்டார் சைக்கிள் பக்கத்தில், தொப்பலாக. புக்கிட் பெலண்டோக்கிலிருந்து அந்த மழையில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அறுபத்துமூன்று வயதில். துண்டு கொடுத்தேன், துடைக்கவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"வாளி எல்லாம் சாக்கு லா, முத்து," என்றார். "அந்தம்மா உன்ன பாக்கத்தான் வந்துச்சு. அதுதான் உன்ன பெத்தது."

அவர் சொன்னதை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். வரிசை தப்பினாலும் பரவாயில்லை.

நான் பிறந்த வாரம் அந்த வீட்டு ஆள், என்னைப் பெற்றவளின் புருஷன், காய்ச்சலில் படுத்தாராம். பன்றிகள் வரிசையாகச் செத்தனவாம். அவர்கள் கோயிலில் அருள்வாக்கு சொல்லும் சாமியாடி, இந்தப் பிள்ளை பிறந்த நேரம் இந்த வீட்டுக்கு ஆகாது, வேறு இனத்தாருக்கு, வேறு சாமி கும்பிடும் வீட்டுக்குக் கொடுத்துவிடு என்றாராம். பெற்றவள் பிள்ளை வளரும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பிள்ளையைத் தொடக் கூடாது. பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. மீறினால் பிள்ளைக்குத்தான் ஆகாது.

கொடுத்துவிட்டாள். ஆனால் போகவில்லை. ரப்பர் மரத்துக்குப் பின்னால், பெரிய கால்வாய்க்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட வேலி ஓரம் என்று வருஷக்கணக்காக நின்றிருக்கிறாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் நேராக அவளிடம் போனாளாம். அம்மாவுக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் இரண்டு பேரும் பேசி முடித்தது: வீட்டுக்குள் வரவேண்டாம், தீனி எடுக்க வாசலுக்கு வா. பிள்ளையைத் தொடவேண்டாம், வாளியைத் தொடு. வாளியை அவள் கையால் கொடுக்கச் சொல்கிறேன்.

அண்ணனிடம் மட்டும் அம்மா சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், இவளுக்குத் தெரிந்தால் அம்மா என்று கூப்பிட்டுவிடுவாள் என்று. ஐம்பது வருஷம் காப்பாற்றியதை இன்றைக்கு உடைத்துவிட்டார். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றார்.

பிறகு இதைச் சொன்னார். "நம்ம வீட்டுல மிச்சம் ஆகற அளவுக்கு அப்ப சோறு ஏது? பாதி நாளு அம்மா தன் தட்டுல உள்ளத அதுல கொட்டுவாங்க. வெறும் வாளிய தூக்கிட்டுப் போனா நீ ஏன்னு கேப்பேன்னு."

என் கல்யாணத்துக்கு அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அம்மா போய்ச் சொன்னாளாம். வரவில்லையாம், வந்தால் எனக்கு ஆகாமல் போய்விடும் என்று.

கிளம்பும்போது, "எழுதறதா இருந்தா இதையும் எழுது. அம்மாவ பாதி எழுதாத," என்றார்.

ஜூலை 17, வியாழன்

எம்.சி. போட்டேன், மருத்துவ லீவு. முப்பத்தொன்பது வருஷத்தில் அழுவதற்காக எடுத்த முதல் எம்.சி.

நினைவில் உள்ளது, அவளைப் பற்றி:
தொப்பி, அதன் மேல் கட்டிய பூப்போட்ட துணி.
மணிக்கட்டு வரை நீளக் கைச் சட்டை.
கறுப்பு ரப்பர் பூட்ஸ், ஒன்றில் ஒட்டுப் போட்டது. நான் ஊற்றிய அன்று மட்டும் செருப்பு.
இடது கைக் கட்டை விரலில் நகம் கிடையாது.
வாளியை வாங்கும்போது மெதுவாக வாங்குவாள். எல்லாவற்றையும் வேகமாகச் செய்கிறவள், எங்கள் வாளியை மட்டும் மெதுவாக.
முகம்: இல்லை.

பதினோரு வருஷம், ஞாயிறு தவிர எல்லா நாளும், ஒரு முழ தூரத்தில் நின்றிருக்கிறாள். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா. இத்தனை வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்த முகம் தினமும் வாசலுக்கு வந்து போயிருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

அம்மாவை நினைத்தால் அதைவிட மோசமாக இருக்கிறது. அம்மா இருக்கும்போது ஒரு தடவை சண்டையில் வாளியைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். உனக்கு வேலைக்காரி வேண்டும் என்றுதானே எடுத்தாய் என்று கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குச் சோறு வைத்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. அப்புறம் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று தோன்றி முழுவதும் சாப்பிட்டேன்.

ஜூலை 19, சனி

நல்ல வெயில். காலையிலேயே அண்ணன் மருமகனிடம் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சீனக் கம்பத்துக்குப் போனோம். பன்றிக் கொட்டகை ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூடி எத்தனையோ வருஷம். அந்த இடத்தில் செம்பனை, கொஞ்சம் டிராகன் பழம், ஒரு லோரி நிறுத்தும் கொட்டகை.

காப்பிக் கடையில் ஒரு தாத்தா. என்னைப் பார்த்ததும் சீனத்தில் ஆரம்பித்தார். தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பொட்டைப் பார்த்தார், பிறகு புரிந்தது போல மலாய்க்கு மாறினார். அப்படிக் கொடுத்த பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு என்றார், சாதாரணமாக, மழை பெய்தது என்பது போல. எனக்கு என்னவோ அது பிடித்திருந்தது. நிறைய உண்டு.

யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். தோட்டத்து லயத்துக்குத் தீனி எடுக்க வந்த பெண் என்றோம். அப்படிப் பத்துப் பேர் போனார்கள், பெயர் என்ன என்றார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணனுக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கட்டை விரலில் நகம் இல்லாதவர் என்றேன். தாத்தா வெகுநேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். கொட்டகைகள் மூடியபோது குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள், யார் எங்கே என்று தெரியாது என்றார். எங்கள் காப்பிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து அண்ணனிடம் புது இரண்டு பக்கத்தைக் கொடுத்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளில் எழுதியது. "எனக்கு இரண்டு அம்மா. ஒருத்தி தினமும் வாசலுக்கு வந்தாள், ஒருத்தி தினமும் என்னை வாசலுக்கு அனுப்பினாள்" என்று தொடங்குகிறது. காலில் ஊற்றியதையும் எழுதியிருக்கிறேன். வேலைக்காரி என்று கேட்டதையும். என் புத்தி என்னவோ அதுதான், அதை மறைத்துவிட்டு வேறு யாரையோ எழுத முடியாது.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பிறகு பேனா கேட்டார். எதையாவது அடித்துவிடப் போகிறார் என்று எனக்குப் பக்கென்றது. அடிக்கத்தான் செய்தார், இரண்டு இடத்தில். "வளர்ப்பு அம்மா" என்ற இடத்தில் ஒரு சொல்லை, "வளர்ப்பு அண்ணன்" என்ற இடத்தில் அதே சொல்லை. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, மத்ததெல்லாம் சரியா இருக்கு என்றார்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் லுக்குட்டில் இறங்கி மீன் வாங்கினார், எனக்கும் சேர்த்து.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். காலை ஐந்துக்கு எழுந்து சுத்தப் பிரதி எடுத்தேன். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். சீனக் கம்பத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்து, தமிழில் எழுதும் ஒரு பொம்பளையின் குரல். இவ்வளவு நாள் இந்தப் பொம்பளையிடம் நான் நன்றாக நடந்துகொள்ளவில்லை. இனி பார்ப்போம்.

பத்து மணிக்கு மம்பாவ். சரசு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். பாதியில் உட்கார்ந்தாள். சொந்தக்காரி என்று நானும் கத்தினேனே முத்து என்றாள். ஆமாம், நீதான் எல்லாரையும்விடச் சத்தமாக என்றேன். இரண்டு பேரும் சிரிக்கப் போய் அழுதோம். தோசைக்கல் ஆறிப்போனது.

பிறகு அவள் புத்தகக்காரி ஆகிவிட்டாள். பென்சில் எடுத்துக் குறித்துக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். "என்னைப் பெற்றவள் பெயர்" என்று எழுதி அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் விட்டிருக்கிறேன், அடுத்த வரி தனியாகத் தொடங்குகிறது. எழுத மறந்துவிட்டாய் என்றாள். மறக்கவில்லை, தெரியாது என்றேன். அப்படியானால் வாளிக்காரி என்று போடுவோம் என்றாள். வேண்டாம், அது நாங்கள் வைத்தது. அப்படியே காலியாக விட்டால் அச்சுக்காரன் தப்பு என்று நினைத்து இடத்தை மூடிவிடுவான் என்றாள்.

"மூட வேணாம்னு எழுதி வை லா. ஒரு பேரு எழுதற அளவுக்கு இடம் இருக்கட்டும்."

சரசு ஓரத்தில் குறித்தாள். எத்தனை எழுத்துக்கு என்று கேட்டாள்.

தெரியவில்லை. கொஞ்சம் அதிகமாகவே விடச் சொன்னேன்.